கதவுக்கு மேல் இருபத்தைந்து சொல்

லிஃப்ட் கதவு ஒரு சாண் திறப்பதற்குள் அவர் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே நின்றிருப்பார். வெளியே வரவேண்டியவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். பஸ்ஸிலும் அப்படியே. இறங்குகிறவர்களின் அக்குளுக்கு அடியில் புகுந்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "அப்பாடா, முத ஆளு" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொள்வார். அந்த நிறுத்தத்தில் ஏறுவதே மொத்தம் மூன்று பேர்தான். கேன்டீனில் சரியாகக் கொதிக்காத டீயை வாங்கிக் குடித்து நாக்கைச் சப்புக்கொட்டுகிற முதல் வாடிக்கையாளரும் அவரே.

ஏன் இந்த ஓட்டம் என்று கேட்டால் குடும்ப வரலாறு வரும். ஏழு பிள்ளைகளில் அவர் ஏழாவது. ஒரு சட்டை அவரிடம் வந்து சேர்வதற்குள் நாலு அண்ணன்களின் முழங்கைகளைப் பார்த்திருக்கும். பாடப்புத்தகத்தில் விடைகளை முன்னமே எழுதி வைத்திருப்பார்கள், அதுவும் தப்பாக. "எனக்கு வந்ததெல்லாம் மிச்சம்தான் சார். பசி ஒண்ணுதான் புதுசு" என்பார். இதைச் சொல்லும்போது சிரிப்பார். சிரித்துக்கொண்டே வரிசையில் நமக்கு முன்னால் போய் நின்றுவிடுவார்.

தொழில், லேபிள் எழுதுவது. மூன்று மாடி இயற்கை அருங்காட்சியகம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக ஜாடிகளுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் கீழே இருக்கும் விளக்க அட்டைகளை அவர்தான் எழுதுகிறார். சம்பளப் பட்டியலில் பதவியின் பெயர் ஒன்றரை வரி நீளம். அதை அவரே சுருக்கி 'லேபிள்' என்று ஆக்கிவிட்டார். வாட்ச்மேன் முதல் மேலிடம் வரை எல்லோருக்கும் அவர் லேபிள் சார். ஐம்பது வயது. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, கண்ணாடியைத் தேடுகிறவர்.

வாயைத் திறந்தால் மடை திறந்த மாதிரி. பேனாவைத் திறந்தால் கஞ்சன். ஒரு விஷயத்தைச் சொல்ல நானூறு வார்த்தை செலவழித்து, கடைசியில் பத்து வார்த்தையில் எழுதி, அதிலும் இரண்டை விரலால் எண்ணிப் பார்த்து அடித்துவிடுவார். நாடாப்புழு ஜாடிக்கு அவர் எழுதியது: 'வாய் இல்லை. வயிறு இல்லை. நீங்கள் சாப்பிட்டதே போதும் என்று இருக்கிறது.' ஆக்டோபஸுக்கு: 'இதயம் மூன்று. இருந்தும் பெரும்பாலும் தனியாகவே வாழ்கிறது.' இந்த ஜாடியின் முன்னால் கல்யாண வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் அதிக நேரம் நிற்பதை வாட்ச்மேன் கவனித்திருக்கிறார்.

பத்தொன்பது வருடத்தில் அவருக்குக் கிடைக்காதது ஒன்றுதான். கதவுக்கு மேல் ஒரு லேபிள். ஜாடி லேபிளைக் குனிந்து படிப்பார்கள். கூடத்தின் வாசலுக்கு மேலே, முழ நீள எழுத்தில் வைப்பதை அண்ணாந்து படிப்பார்கள். வாசல் பலகைகளை எல்லாம் அவர் வேலைக்கு வருமுன்பே யாரோ எழுதி முடித்திருந்தார்கள். ஏழாவது பிள்ளைக்கு இங்கேயும் அதே கதை.

அந்த நிலையில்தான், இந்த வருடம், இரண்டாம் மாடியில் புதிதாக ஒரு கூடம் கட்டி முடித்தார்கள். பல செல் கொண்ட விலங்குகளின் கூடம். கதவுக்கு மேல் பலகை வெள்ளையாக, வழுவழுவென்று, காலியாக இருந்தது. அதைப் பார்த்த அன்று லேபிள் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை என்று கேன்டீன்காரர் சாட்சி சொல்கிறார். டீயை வாங்காமலே குடித்துவிட்டதாகச் சொல்லிப் போனாராம்.

ஆனால் பெரிய பலகைக்குப் பெரியவர்கள்தான் எழுதவேண்டும் என்பது உலக நியதி. நிபுணர் குழு ஒன்று ஏழு மாதம் உட்கார்ந்து, ஒரு வாசகத்தை ஈன்றெடுத்தது. 'பலசெல் உயிரினங்கள் எனப்படுபவை பல செல்களால் ஆன உயிரினங்கள் ஆகும்.' அதைப் பரீட்சைக்கு அனுப்பினார்கள்.

பரீட்சையைப் பற்றிச் சொல்லவேண்டும். எப்போதோ இருந்த ஒரு இயக்குநர், படித்தவர்களுக்கு மட்டுமே புரிந்த லேபிள்களைப் பார்த்துக் கடுப்பாகி, ஒரு விதி போட்டுவிட்டுப் போனார். எந்த லேபிளும் சுவரேறும் முன்பு, கட்டடத்தில் பட்டம் வாங்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டப்படவேண்டும். அவர் கேள்வி கேட்டால் லேபிள் தோற்றது. முதல் வாரமே மற்றவர்கள் எல்லாம் மெல்ல நழுவிவிட, பொறுப்பு தரை துடைக்கும் அம்மாவின் தலையில் விழுந்தது. எல்லோருக்கும் அவர் மாப் அக்கா. வேலையை விட்டுவிட்டு நின்று கேட்க அவருக்கு நேரம் கிடையாது, துடைத்துக்கொண்டேதான் கேட்பார். அதனால் விதி நடைமுறையில் இப்படி ஆயிற்று: மாப் ஓடிக்கொண்டே இருந்தால் பாஸ். மாப் நின்றால் பெயில். இருபது வருடமாக ஒரு அறிவியல் நிறுவனத்தின் கடைசித் தீர்ப்பு ஒரு மாப்பின் நுனியில் இருப்பதைப் பற்றி யாரும் வெளியே மூச்சு விடுவதில்லை.

நிபுணர் குழு வாசகத்துக்கு மாப் உடனே நின்றது. "பல வீடு இருக்கிற தெரு பல வீட்டுத் தெரு. இதுக்கா ஏழு மாசம்?" என்றார் அக்கா.

டைரக்டர் மேடம் லேபிள் சாரைக் கூப்பிட்டனுப்பினார். கூடம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. வியாழன் நாலு மணிக்குள் இருபத்தைந்து சொல்லுக்கு மிகாமல் ஒரு வாசகம் பாஸாகவேண்டும். ஆகாவிட்டால், விளம்பரக் கம்பெனி தயாராக அடித்து வைத்திருக்கிற ஃபிளெக்ஸ் மேலே போகும். அதில் இருந்த வாசகம், 'வியத்தகு உயிருலகம் உங்களை வரவேற்கிறது.' பின்னணியில் ஒரு டால்ஃபின் சிரித்துக்கொண்டிருந்தது.

இதில் சின்ன குடும்பச் சிக்கல் ஒன்று உண்டு. அந்த விளம்பரக் கம்பெனி லேபிள் சாருடைய மச்சானுடையது. மனைவியின் அண்ணன். டால்ஃபினும் அவருடையதுதான், திருமணம், திறப்புவிழா, பல் ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதே டால்ஃபின்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் லேபிள் சார் மூன்றாம் மாடி நூலகத்தில் இருந்தார். பல செல் விலங்குகளைக் குறிக்கும் மெட்டாசோவா என்ற சொல் எங்கே பிறந்தது, யார் வைத்த பெயர் என்று ஒவ்வொரு தடிப் புத்தகமாகப் புரட்டினார். மூன்று மணி வாக்கில் ஒரு சத்தம் கேட்டது என்றும், புத்தகம்தான் விழுந்தது என்று நினைத்ததாகவும் நூலகர் பிறகு சொன்னார். புத்தகம் இல்லை. லேபிள் சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படி வழியே இறங்கி ஓடினார். ஒரு செருப்பு மேசைக்கு அடியிலேயே கிடந்தது.

"ரெண்டே துண்டு அக்கா. ரெண்டே துண்டு" என்று மாப் அக்காவின் முன்னால் போய் நின்று மூச்சு வாங்கினார். ஏதோ ஜாடி உடைந்துவிட்டது என்று நினைத்து அக்கா முறத்தை எடுக்கப் போனார்.

உடைந்தது சொல். கிரேக்க மொழியில் 'மெட்டா' என்றால் பின்னால். 'சோவா' என்றால் விலங்குகள். ஒரு செல்லை வைத்துக்கொண்டே பிழைப்பு நடத்துகிற நுண்ணிய ஜீவன்களுக்கு 'முதல் விலங்குகள்' என்ற அர்த்தத்தில் புரோட்டோசோவா என்று ஒரு பெயர் முன்னமே இருந்தது. கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஜெர்மானிய விலங்கியலாளர் ஒருவர், மிச்சமிருந்த விலங்குகளை எல்லாம், கடல்பூவிலிருந்து யானை வரை, கணக்கு வாத்தியார் வரை, ஒரே கூடைக்குள் போட்டுப் பெயர் வைத்தார். பின்னால் வந்த விலங்குகள்.

"நாமெல்லாம் லேட்டா வந்தவங்க அக்கா. சிங்கம் லேட்டு. திமிங்கலம் லேட்டு. டைரக்டர் மேடமே லேட்டு."

"அவங்க ஒம்பதரைக்கே வந்துட்டாங்களே" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "சார், நீங்க யாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அது அவருடைய நிறுத்தம் இல்லை என்பது அவர் நின்று திருதிருவென்று விழித்ததிலேயே தெரிந்தது.

புதன்கிழமை காலை முதல் வாசகம் தயார். கூடத்துக்கு வெளியே நடைபாதையில் அக்கா துடைத்துக்கொண்டிருந்தார். லேபிள் சார் தொண்டையைச் செருமி வாசித்தார். 'முதலில் ஒரு செல் உயிர்கள் இருந்தன. அவற்றுக்குப் பின் தோன்றிய, பல செல் கொண்ட, மேலான விலங்குகளே மெட்டாசோவா.'

மாப் நின்றது.

"முதல்ல வந்ததெல்லாம் செத்துப்போச்சா?"

சாகவில்லை, எங்கும் இருக்கிறது என்றார் லேபிள் சார். எங்கே என்று அக்கா கேட்டார். லேபிள் சார் பக்கெட்டைக் காட்டினார். அதில் கோடிக்கணக்கில் இருக்கும் என்றார். அக்கா அழுக்குத் தண்ணீரை எட்டிப் பார்த்தார். சின்ன விஷயம் கேட்பதுபோல் கேட்டார்.

"இதை நான் தினம் தூக்கிக் கொட்றேன். அது தினம் திரும்பி வருது. அப்புறம் நாம மேலான ஆளுன்னு யாரு சொன்னது?"

லேபிள் சார் பேனாவை எடுத்து 'மேலான' என்ற சொல்லை அடித்தார். 'இருந்தன' என்பதையும் அடித்தார். அந்த இரண்டு சொல்லும் போனபின் வாசகத்தில் உயிர் இல்லை என்று தெரிந்ததும் மீதியையும் அடித்தார். அடித்து முடித்ததும், வைத்தியர் சீழ்க்கட்டியைக் கீறிவிட்ட மாதிரி, அவருக்கு ஒரே சந்தோஷம். "கரெக்டு அக்கா, கரெக்டு, அது எல்லாம் இன்னும் நம்ம கூடவே இருக்கு பாருங்க" என்று பக்கெட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் மச்சான் வந்திருந்தார். ஃபிளெக்ஸின் படத்தை செல்போனில் காட்டி, டால்ஃபினின் பல்லைக் கொஞ்சம் வெளுக்க வைத்திருப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். தோல்வியில் தோள் கொடுப்பவர். அதற்காகத் தோல்வி வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பவர்.

"மாப்ள, நாலு வார்த்தைல நான் முடிச்சுட்டேன். இருபத்தஞ்சு குடுத்தும் உங்களுக்குப் பத்தலையா?"

லேபிள் சார், பல செல் சேர்ந்தால் ஏன் அது வெறும் குவியல் இல்லை, விலங்கு என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை முதல் மாலை வரை நுண்ணோக்கியில் குனிந்து அடுத்தவர் செல்களை எண்ணுகிறவர். வீட்டுக்கு வந்து புருஷன் வார்த்தை எண்ணுவதைப் பார்க்கிற பாக்கியமும் அவருக்கு வாய்த்திருந்தது.

"ஏங்க, எங்க ஆஸ்பத்திரி மாதிரிதான்" என்றார், துணி மடித்துக்கொண்டே. "சிவப்பணுவுக்குக் காத்தைச் சுமக்கத் தெரியும். அவ்வளவுதான். கிருமி வந்தா எட்டிப் பாக்காது, அது வெள்ளையணு டிபார்ட்மென்ட். காயம் பட்டா ரெண்டும் ஒதுங்கி நிக்கும், உறையவெக்கிறது வேற ஆளு. எதுக்கும் எல்லா வேலையும் தெரியாது. தெரியாததாலதான் ஒண்ணை ஒண்ணு விட்டுட்டுப் போகாம இருக்கு."

கடைசி வரியை அவர் துணியைப் பார்த்துச் சொன்னாரா, கணவனைப் பார்த்துச் சொன்னாரா என்பது தெளிவாகவில்லை. லேபிள் சார் அதைக் கவனிக்கும் நிலையிலும் இல்லை. மடித்து வைத்திருந்த சட்டையின் காலர் அட்டையை உருவி அதன் பின்புறம் எழுதிக்கொண்டிருந்தார். மச்சான் டால்ஃபினை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழன் பதினொரு மணிக்கு இரண்டாவது வாசகம். முதலில் வந்தவை இன்றும் இருக்கின்றன என்று ஒரு வரி. பின்னால் வந்தவை செல்களைச் சேர்த்து வேலையைப் பங்கிட்டன என்று ஒரு வரி. பிறகு அவரே இரவெல்லாம் ரசித்த முத்தாய்ப்பு: 'பிரித்தால், ஒரு செல்லும் பிழைக்காது.'

மாப் முதல் வரியில் ஓடியது. இரண்டாவது வரியிலும் ஓடியது. லேபிள் சாரின் கட்டைவிரல் தானாக உயர்ந்தது. மூன்றாவது வரி முடிந்ததும் ஓடிக்கொண்டுதான் இருந்தது; ஆனால் சுவரோரம் ஒரு ஜாடிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"அப்ப இந்தப் பஞ்சு?"

அது கடற்பஞ்சு. இருபது வருடமாக எந்தக் கூடத்திலும் சேராமல் நடைபாதையில் நிற்கிற ஜாடி. செடி மாதிரி ஒரே இடத்தில் இருப்பதால் விலங்குக் கூடத்துக்காரர்கள் வாங்கவில்லை. விலங்கு என்று புத்தகம் சொல்வதால் செடிக் கூடத்துக்காரர்களும் வாங்கவில்லை. அதற்கு வாய் இல்லை, இதயம் இல்லை, நரம்பு இல்லை. கோப்பில் அதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் 'பிறகு' என்று மட்டும் எழுதியிருந்தது. இருபது வருடமாக அதைத் துடைத்து வைப்பது அக்கா. நாளைக்கு இது உள்ளே போகுமா, வெளியிலேயே நிற்குமா என்று தனக்குத் தெரியவேண்டும் என்றார்.

இங்கேதான் லேபிள் சார் அந்தத் தப்பைச் செய்தார். சாதாரண ஆளாக இருந்தால் 'உள்ளே போகும்' என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பான். கேள்வி ஜாடியைப் பற்றியது, லேபிளைப் பற்றியது இல்லை என்று நாலு மணிப் பிரச்சினை பதினொரு மணிக்கே தீர்ந்திருக்கும். ஆனால் கடற்பஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கண் விரிந்துவிட்டது.

"அக்கா, இதோட கதை தெரியுமா உங்களுக்கு?"

அவர் அக்காவின் தோளில் இருந்த துணியை வாங்கினார். உயிரோடு இருக்கிற கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார்கள் என்று, துணியைப் பிழிந்து காட்டினார். செல் செல்லாகப் பிரிந்து தண்ணீரில் விழுந்தது. கலங்கல் தண்ணீர், அவ்வளவுதான், விலங்கு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து, பத்து விரலையும் தரையில் பரப்பி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு செல் நகர்ந்தது. சுண்டுவிரல் நகர்ந்தது. இன்னொன்று நகர்ந்தது. ஒன்றை ஒன்று தொட்டது. தொட்டதை விடவில்லை. ரெண்டு நாலாச்சு, நாலு உருண்டையாச்சு, உருண்டையும் உருண்டையும் சேர்ந்தது. நாள் போகப் போகப் புதிதாக ஒரு கடற்பஞ்சே எழுந்து நின்றது. பத்து விரலும் ஒரு முஷ்டியாகி, லேபிள் சார் முஷ்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

அந்நேரம் நடைபாதையில் போன இரண்டு குமாஸ்தாக்கள் ஏதோ கோஷம் போடுகிறார்கள் என்று நினைத்து வேகமாகத் திரும்பிப் போனார்கள்.

அக்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பி வந்து ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு அக்கா."

"யாரும் சொல்லாமயே?"

"சொல்றதுக்கு அதுல மூளையே கிடையாதே."

அக்கா ஜாடியை ஒரு தடவை துடைத்தார். தேவையில்லாமல் இன்னொரு தடவை துடைத்தார். பிறகு, லேபிள் சாரின் கையிலிருந்த அட்டையைத் தாடையால் காட்டினார்.

"அப்ப பிரிச்சா பிழைக்காதுன்னு எழுதியிருக்கீங்களே?"

முஷ்டி மெதுவாகக் கீழே வந்தது. தன் லேபிளின் கழுத்தைத் தானே நெரித்த முதல் லேபிள்காரர் அவராகத்தான் இருக்கும். அதுவும் நடித்துக் காட்டி. அவர் அட்டையைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், நெற்றிக் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். பிறகு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, குட்டி போட்ட பூனை மாதிரி நடைபாதையில் மேலும் கீழும் நடக்க ஆரம்பித்தார். டிபன் டப்பாவை நடந்துகொண்டே திறந்தார், நடந்துகொண்டே மூடினார். நடுவில் சாப்பிட்டாரா என்பதற்குச் சாட்சி இல்லை.

மூன்றரை மணிக்கு மச்சான் ஏணியோடு வந்தார். கூடவே சுருட்டிய ஃபிளெக்ஸ். ஏணியை வாசலில் சாய்த்துவிட்டு, "ஒண்ணும் அவசரமில்ல மாப்ள, நீங்க எழுதுங்க" என்று முதல் படியில் காலை வைத்துக்கொண்டு சொன்னார். டைரக்டர் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து நின்றார்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லேபிள் சார் நடப்பதை நிறுத்தினார். எழுதினார். விரலால் எண்ணினார். இருபத்து மூன்று. இரண்டு சொல் மிச்சம். அக்கா நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தார். வழக்கமாக லேபிள் சார் வாசிக்கும்போது கை ஆடும், குரல் ஏறும். இந்தத் தடவை பிராக்டிகல் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி காலைச் சேர்த்து நின்று வாசித்தார்.

'ஒற்றைச் செல்லாய் வாழும் உயிர்கள் முதலில் வந்தன, இன்றும் இருக்கின்றன.'

மாப் ஓடியது.

'பின்னால், பல செல்கள் பிரியாமல் சேர்ந்து, வேலையைப் பங்கிட்டு, விலங்குகளாயின.'

மாப் ஓடியது. மச்சான் இரண்டாவது படியில் ஏறியிருந்தவர் அப்படியே நின்றார்.

'பின்வந்த இவையே மெட்டாசோவா. நீங்களும் அதில் ஒருவர். வாருங்கள்.'

மாப் நின்றது.

பக்கெட்டின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மேடம் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து, லேபிள் சாரைப் பார்க்காமல், மச்சானைப் பார்த்தார். விதி விதிதான். மச்சான் பெருமூச்சு ஒன்றை விட்டு, அதில் துக்கம் கலந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஃபிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்தார். டால்ஃபினின் வால் வெளியே வந்தது.

லேபிள் சார் அட்டையை இரண்டாக மடித்தார். சட்டைப்பையில் வைக்கப் போனவர், எந்த வார்த்தை என்றாவது தெரிந்துகொள்வோம் என்று கேட்டார்.

"எந்த இடம் அக்கா? என்ன கேக்கணும், கேளுங்க."

அக்கா அப்போதுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கவனித்தார். மாப்பின் கைப்பிடியில் ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கையைத் திருப்பிப் பிடித்திருந்தார். ஈரத்தில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்த கை.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார். "என் கையைப் பாத்துட்டிருந்தேன். இத்தனை பேரு உள்ள இருந்து வேலை பாக்கிறாங்களா?"

"அதுவே ஒரு கேள்விதானே" என்றார் மச்சான் ஏணியிலிருந்து.

"உங்ககிட்ட கேக்கல தம்பி. கைகிட்ட கேட்டேன்."

டைரக்டர் மேடம் விதிப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினார். லேபிளிடம் கேள்வி கேட்டால் பெயில் என்று இருக்கிறது. தன் கையிடம் கேட்டால் என்ன என்று அந்தப் பழைய இயக்குநர் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. மேடம் குனிந்து, யாருக்கும் தெரியாது என்று நினைத்து, தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, பாஸ் என்றார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைக் கோர்வையாகச் சொல்வது கஷ்டம். லேபிள் சார் ஓடினார். எதற்கு ஓடினார் என்று அவருக்கே தெரியாததால் திரும்பி ஓடிவந்தார். மச்சானை ஏணியிலேயே வைத்துக் கட்டிப்பிடித்ததில் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். எழுத்து வெட்ட ஆள் இல்லை என்றதும், மச்சானே கம்பெனிக்கு போன் போட்டு ஒட்டெழுத்து வெட்டச் சொன்னார். முழ நீளம் வேண்டும் என்றார் லேபிள் சார். பலகை அதற்குத் தாங்காது என்று மச்சான் எவ்வளவோ சொல்லி, கடைசியில் சாண் நீளத்துக்கு இறங்கி வந்தார்கள். இருபத்து மூன்று சொல்லையும் இருவருமாக ஒட்டினார்கள். 'இன்றும் இருக்கின்றன' கொஞ்சம் கோணியிருந்தது. லேபிள் சார் அதைப் பிரித்து ஒட்டினார். கடைசியாகக் கடற்பஞ்சு ஜாடியை அக்கா தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் உள்ளே, வாசலை ஒட்டி, முதல் ஜாடியாக வைத்தார். யாரும் சொல்லாமலே.

வெள்ளி காலை பத்து மணிக்குக் கூட்டம் படியேறி வந்தது. லேபிள் சார் ஒன்பதுக்கே கதவருகே நின்றிருந்தார். இரும்புக் கைப்பிடியை அவர்தான் இழுத்துத் திறந்தார். வாட்ச்மேன் சிரித்தபடி ஒதுங்கிக்கொண்டார். கதவு ஒரு சாண் திறப்பதற்குள் அந்த மனுஷன் உள்ளே இருப்பார் என்பது கட்டடத்துக்கே தெரிந்த விஷயம்.

கதவு முழுதாகத் திறந்தது. லேபிள் சார் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். ஜனங்கள் அண்ணாந்து படித்தார்கள். உதடு அசைய அசையப் படித்தார்கள். ஒரு குழந்தை அப்பாவின் தோளில் இருந்து, கடைசிச் சொல்லை மட்டும் உரக்கப் படித்தது. இரட்டை ஜடை போட்ட ஒரு பெண் தன் மணிக்கட்டைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். மேடம் போனார். மச்சான் போனார், போகும்போது பலகையின் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த மனைவி, வாசலில் ஒரு கணம் நின்று, "என்ன, நீங்க வரலையா?" என்றார். வருகிறேன் என்று லேபிள் சார் தலையசைத்தார்.

நடைபாதை காலியானது. அக்கா மட்டும், கூட்டத்தின் காலடி மண்ணைத் துடைப்பதற்காக, மாப்பும் பக்கெட்டுமாக வாசலில் நின்றிருந்தார். லேபிள் சார் முதலில் உள்ளே போவார் என்று காத்திருந்தார். லேபிள் சாரோ எட்டி அக்காவின் கையிலிருந்த பக்கெட்டை வாங்கிக்கொண்டார். காலியாக இருந்த கையை உள்பக்கம் நீட்டி, முதலில் போங்கள் என்று காட்டினார். அக்கா போனதும், தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாமல், பின்னாலேயே போனார்.